முன்வரிசை

அப்பாவின் உடலைக் குளிப்பாட்டத் தூக்கியதுமே பவுனு குனிந்து பாய்க்கு அடியில் கைவிட்டாள். கற்றையாகக் கிடந்த நாடக நோட்டீஸ்களை உருவி மடியில் வைத்துக்கொண்டாள்.

நோட்டீஸ்களின் பின்பக்கம் முழுக்கப் படங்கள். கட்டம் கட்டமாகத் தன் கதையை அப்பாவே கேலிச்சித்திரமாகப் போட்டிருந்தார். பபூன் சுருளி என்றால் தேவாரத்திலிருந்து கம்பம் வரை தெரியாதவர்கள் இல்லை. வாதத்தில் வலது பக்கம் விழுந்து பேச்சும் போன பிறகு, மேக்கப் பெட்டியில் கிடந்த புருவப் பென்சிலை இடது கையில் பிடித்தார். அதற்குப் பிறகு விடவே இல்லை.

எல்லாக் கட்டத்திலும் கத்தரிக்காய் மூக்கும் கூம்புக் குல்லாயுமாக அவரே நின்றார். ராயப்பன்பட்டியில் மேடை சரிந்து தபேலாக்காரர் மடியில் விழுந்தது, ராஜபார்ட் கிரீடத்தோடு மாட்டுவண்டியில் குறட்டை விட்டது, பெண் பார்க்கப் போன இடத்தில் ஒட்டுமீசை காபிக்குள் விழுந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனார்கள். இன்றைக்கும் பந்தலில் அதே கதைகளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பவுனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இழவு வீட்டில் அழுவதற்கு அவளைத் தவிர ஒரு ஆள் இல்லை.

பகலெல்லாம் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கிவிட்டு வந்து அவருக்குக் கஞ்சி ஊட்டியவள் அவள்தான். ஊட்டி முடித்ததும் அன்றைய படத்தில் தன்னைத் தேடுவாள். செத்துப்போன அம்மா இருந்தாள். ராஜபார்ட் வளர்த்த நாய்கூட இருந்தது. அவள் இல்லை. அடுத்த தாளில் வரும் என்று காத்திருந்தாள். இனி அடுத்த தாள் கிடையாது.

சித்தப்பா பேச்சிமுத்து வாசலில் நின்று சொன்னார். "அண்ணே படுத்த பாயி, தலகாணி எல்லாம் அண்ணே கூடப் போகணும்த்தா. அந்தத் தாளையும் வச்சுச் சுருட்டு."

தலையாட்டினாள். ஒரே ஒரு கட்டத்தில் அவள் இருந்திருந்தால் ஒளித்து வைத்திருப்பாள்.

ஆர்மோனியம் வீரணன் மாலையோடு உள்ளே வந்தார். அவரிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாமா, இதுல நா எங்கனயுமே இல்லயே."

வீரணன் தாள்களைப் புரட்டினார்.

"மேடையில ஒங்கப்பா பேசுறது பொட்டப்புள்ள கேக்குற பேச்சா ஆத்தா? எந்த ஊரு நாடகம்னாலும் தெரச்சீலய வெலக்கி, கூட்டத்துல நீ இருக்கியான்னு பாப்பாக. இல்லன்னு தெரிஞ்சாத்தேன் மேடை ஏறுவாக."

"தெனமுமா?"

"தெனமுந்தேன்."

நாடகத்துப் பக்கம் வந்தால் காலை ஒடித்துவிடுவேன் என்பார் அப்பா. அவர் மேடையில் நின்று ஒருநாளும் அவள் பார்த்ததில்லை.

வீரணன் போனபின் பவுனு புருவப் பென்சிலைத் தேடி எடுத்தாள். ஒரு தாளில் அப்பா மேடையில் நின்றார். கீழே கூட்டம் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் சின்னதாக ஒரு வட்டம் போட்டு இரண்டு சடை இழுத்தாள். முகம் வரைய வேண்டியிருக்கவில்லை. அந்தத் தாளை மேலாக வைத்துப் பாயைச் சுருட்டிக் கட்டினாள்.

பாடை கிளம்பியது. தெருமுக்கு வந்ததும் பெண்களை நிற்கச் சொன்னார்கள். பவுனு நின்றாள். சித்தப்பா கக்கத்தில் இடுக்கியிருந்த பாய், கொட்டுச் சத்தத்துக்குப் பின்னாலேயே போய், வாய்க்கால் திருப்பத்தில் மறைந்தது.