எஸ்டேட் கேட்டில் நின்ற ரயில்

"மறைந்த என் கணவர் செய்தது. நன்றாக வைத்துக்கொள்பவர்கள் யாராவது எடுத்துப் போகலாம்" என்று பேஸ்புக்கில் ஒரு பொம்மை ரயில் பாதையின் படத்தைப் போட்டிருந்தார் ரவாங்கைச் சேர்ந்த சல்மா. சிறு வயதிலிருந்தே பொம்மை ரயில் என்றால் உயிரை விடும் கார்த்திகேசு, நண்பனின் லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ரயில் பாதை பதித்த பெரிய பலகைகளை ஆட்கள் வெளியே தூக்கியபோது, அந்த அம்மாள் சமையலறையை விட்டு வரவேயில்லை.

செரண்டாவில் அவன் வீட்டு மாடி அறையில் பலகைகளை மறுபடியும் இணைக்கச் சில ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. தொழிற்சாலையில் மின்சாரப் பழுது பார்ப்பவன் என்பதால் ஒயர் வேலை அவனுக்குச் சிரமமில்லை. அறுந்தவற்றைப் பற்றவைத்தான். கறுத்துப்போன தண்டவாளத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கினான். செய்தவர் நல்ல கைகாரர். தோட்டத்துச் செம்பனை மரங்களின் மட்டைகளைக்கூடப் பச்சைக் காகிதத்தில் இழை இழையாகக் கீறியிருந்தார். தோட்டத்துக்கு நடுவே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம். அங்கிருந்து ஒரு செம்மண் சாலை. அது தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு கேட். எங்கும் ஒரு மனித பொம்மை இல்லை.

முதல் ஓட்டத்தைப் பார்க்க மனைவி புஷ்பவள்ளி மேலே வந்தாள். ரயில் அழகாகக் கிளம்பியது. வளைவில் திரும்பியது. கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. சற்று நேரம் கழித்துத் தானாகவே புறப்பட்டது.

"கரண்ட் சரியா ஏறல" என்றான் கார்த்திகேசு.

மீட்டர் வைத்துப் பார்த்தான், கரண்டில் குறையில்லை. அந்த இடத்துத் தண்டவாளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்தான். ரயில் நின்றது. வேறு எஞ்சின் வாங்கி ஓட்டினான். அதுவும் நின்றது. எதிர்த்திசையில் விட்டபோது மட்டும் நிற்காமல் போனது.

புஷ்பவள்ளிக்கு அந்த அறைக்குப் போகவே பிடிக்கவில்லை. ஒரு மத்தியானம் வாசலில் நின்றபடியே சொன்னாள்: "அது கெட்டுப்போய் நிக்கிற மாதிரி இல்லங்க. யாருக்கோ வழி விடுற மாதிரி இருக்கு."

"சும்மா இரு லா, புஷ்பா."

அதட்டினானே தவிர, அதன்பிறகு ரயில் நின்றபோதெல்லாம் அவன் கண் அந்தக் காலிச் சாலைக்கே போனது. ஒருமுறை செம்மண் தூளில் ஏதோ தடம் பதிந்திருப்பதுபோல் தெரிந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் ஒன்றுமில்லை. அன்றைக்கே சல்மாவுக்குப் போன் செய்தான்.

"ரயிலு ஒரு எடத்துல நின்னு நின்னு போவுதும்மா. அய்யா ஏதாச்சும் சுவிட்ச் வெச்சிருந்தாரா?"

 "கேட்டுக்கு முன்னாலயா தம்பி?" என்று கேட்டார் சல்மா.

அவன் கேட்டைப் பற்றிச் சொல்லியிருக்கவே இல்லை.

ஞாயிறு பிற்பகல், மழையில் நனைந்த முக்காட்டோடு கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கினார் சல்மா. புஷ்பவள்ளி கொடுத்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு, பலகையைப் பார்க்காமலேயே பேசினார்.

"எங்க வூட்டுக்காரவங்க பேரு அபுபக்கர். ரயில் ஓட்டுனாங்க. டபுள் லைன் போடுறதுக்கு முந்தி, இந்த மாதிரி ஒரு மழை நாள்ல, எஸ்டேட் கேட்டுக்கிட்ட ஒரு பொண்ணு குறுக்க வந்துருச்சு. தலையில சாக்கு போட்டிருந்துச்சாம், சத்தம் கேக்கல. பிரேக் போட்டாங்க. ரயிலு ஒடனே நிக்குமா தம்பி?"

கார்த்திகேசு தலையைக் குனிந்துகொண்டான்.

"ரிட்டையர் ஆனப்புறம் இதச் செஞ்சாங்க. தெனமும் ஓட்டுவாங்க. கேட்டுக்கு முன்னால கையாலயே நிறுத்துவாங்க. 'அந்தப் பொண்ணு போகட்டும் சல்மா'ம்பாங்க. அப்புறந்தான் எடுப்பாங்க."

"இப்ப ஓட்டட்டுமாம்மா?"

அவர் தலையசைத்தார். ரயில் கிளம்பி, வளைவு திரும்பி, வழக்கமான இடத்தில் நின்றது. இந்தத் தடவை புறப்படவில்லை. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. மோட்டார் கருகிவிடும் என்று பயந்து கார்த்திகேசு பிளக்கைப் பிடுங்கினான். உறுமல் அடங்கியது. கூரையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

சல்மா எழுந்துபோய், எஞ்சினுக்கு நேராகக் குனிந்தார். தூங்குகிறவரை எழுப்புவதுபோல மெல்லச் சொன்னார்:

"போதுங்க. அந்தப் பொண்ணு அந்தப் பக்கம் போயிருச்சு. நான் பாத்துட்டேன். நீங்க எடுங்க."

ரயில் நகர்ந்தது.

மெதுவாகக் கேட்டைக் கடந்து, செம்பனைகளுக்குப் பின்னால் மறைந்து, பலகையின் ஓரத்திலிருந்த பொம்மை ஸ்டேஷனுக்கு வந்து நின்றது. கார்த்திகேசு தன் கையைப் பார்த்தான். பிளக் அதில்தான் இருந்தது. புஷ்பவள்ளி அவன் சட்டையை முதுகுப் பக்கம் இறுகப் பிடித்திருந்தாள். 

சல்மா மட்டும் பயப்படவில்லை. "அவங்க எப்பவும் இப்படித்தான், அலுங்காம எடுப்பாங்க" என்றார்.

அவரைக் கொமுட்டர் ஸ்டேஷனில் கொண்டுபோய் விடும்போது கார்த்திகேசு, "நீங்களே திரும்ப வெச்சுக்கிறீங்களாம்மா?" என்று கேட்டான்.

"வேணாம் தம்பி. வூட்ல இருந்தா நான் தெனமும் பேசிக்கிட்டே இருப்பேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டார்.

அதன்பின் பல வாரங்கள் அந்த அறை பூட்டியே கிடந்தது. மறுபடி திறந்தது புஷ்பவள்ளிதான். பயமாக இருந்தாலும், பூட்டி வைப்பது அதைவிடப் பாவமாக இருக்கிறது என்றாள்.

இப்போது ரயில் அங்கே நிற்பதில்லை. ஆனால் கேட்டை நெருங்கும்போது கார்த்திகேசு வேகத்தைக் குறைக்கிறான். புஷ்பவள்ளி பேச்சை நிறுத்திவிட்டு, ஆளில்லாத அந்தச் செம்மண் சாலையை இரண்டு பக்கமும் பார்க்கிறாள்.