அறுபது வரை

“ஹவ் ஆர் யூ டுடே?” என்று அழகரத்தினம் மூன்றாவது தடவையாகக் கேட்டார். எதிரே நின்ற தனுஷாவும் அதே இராகத்தில், அதே வேகத்தில், “ஹவ் ஆர் யூ டுடே?” என்றாள்.

ஆங்கில வாய்மொழிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து வந்த பரீட்சகர் அவர். கதவோரம் இருந்த சுலோஜனா டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். “இந்தப் பிள்ள என்ன, பகிடி பண்ணுதா?”

“இல்ல சேர். அவக்கு ஆட்டிசம். கேள்விய ஒருக்கா தானும் சொல்லிப் பாத்துத்தான் பதில் சொல்லுவா. கொஞ்சம் பொறுக்கணும்.”

“இன்னும் பதினாலு பிள்ளைகள் வெளிய நிக்குதுகள்.”

இந்தப் பரீட்சையிலும் வாய் திறக்காவிட்டால் பிள்ளையை விசேட கல்வி அலகுக்கு மாற்றிவிடுவதாக அதிபர் போன கிழமை சொல்லியிருந்தார். இரண்டு மாதமாகச் சுலோஜனா பள்ளிக்கூடம் விட்டபிறகும் வீட்டுக்குப் போகாமல் கல்லடியிலேயே தங்கித் தனுஷாவைப் பழக்கியது இதற்காகத்தான். முகத்தைப் பார்த்துப் பேசும்படி ஒருநாளும் வற்புறுத்தவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு, மனத்துக்குள் அறுபது வரை எண்ணிக்கொண்டு சும்மா இருக்கத் தானும் பழகினாள். அநேகமாக நாற்பதுக்குப் பிறகுதான் பதில் வரும். ஆனால் அதெல்லாம் வகுப்பறையில். இன்று காலை பரீட்சையை இந்த அறைக்கு மாற்றிவிட்டார்கள். மேலே பழைய மின்விசிறி கடகடவென்று சுற்றியது. தனுஷாவின் கைகள் மெல்லக் காதுகளை நோக்கி ஏறின.

அழகரத்தினம் மதிப்பெண் போடப் புள்ளித்தாளை இழுத்தார். சுலோஜனா எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள்.

“டீச்சர், நீங்க உதவி செய்யப்படாது. அறிக்கையில எழுத வேண்டி வரும்.”

“எழுதுங்க சேர். நான் பதில் சொல்லிக் குடுக்கல்ல. ஃபேனத்தான் நிப்பாட்டினன்.”

கச்சான் எனும் வறண்ட மேல்காற்றின் வெக்கை அறையை நிறைத்தது. சுலோஜனா மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பது. முப்பத்தைந்து. அவர் வாயைத் திறக்கப் போனார். சுலோஜனா கையை உயர்த்தி மறித்தாள். நாற்பது தாண்டியது. ஐம்பதும் தாண்டியது.

“ஐ ஆம் நொட் ஃபைன்,” என்றாள் தனுஷா, சுவரைப் பார்த்தபடி. “த ஃபேன் வாஸ் டூ லவுட்.”

காலையிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லோரும் “ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ” என்றே ஒப்பித்துவிட்டுப் போயிருந்தார்கள். நலமில்லை என்று சொன்னவள் இவள் ஒருத்திதான்.

அழகரத்தினம் புள்ளி போடவில்லை. குரலைத் தணித்து இரண்டாவது கேள்வியைக் கேட்டார். “வெயார் டூ யூ லிவ்?”

“வெயார் டூ யூ லிவ்?”

வெளியே பிள்ளைகளின் இரைச்சல் கூடியது. அவர் அசையவில்லை. அவருடைய நாடியிலிருந்து ஒரு வியர்வைத் துளி விழுந்து, தனுஷாவின் பெயருக்கு நேரே இருந்த வெற்றுக் கட்டத்தில் மெல்லப் பரவியது.