மேஜை மேல் இருபது ஆப்பிள்

குளிர்பதனக் கிடங்கின் அலுவலக மேஜையில் ஒரு தட்டு, தட்டில் இருபது ஆப்பிள்கள். ஒவ்வொன்றின் தோலிலும் பெரியவரின் மருமகள் பேனாவால் எண் போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சீட்டு: ‘யாரும் தொட வேண்டாம்.’

பெரியவர் அதைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. வாசல் பலகையிலும் ஒவ்வொரு பெட்டியிலும் இருப்பது அவர் தகப்பனார் பெயர். ‘யாரும்’ என்பதில் வீட்டுக்கு மூத்தவர் எப்படி அடங்குவார்?

மூன்றாம் நாள் சம்பந்தி வந்தார். பெரியவரின் மகளை மருமகளாக்கிக்கொண்டவர், ஆறு பழக்கடைகளுக்குச் சொந்தக்காரர். உட்காருவதற்கு முன்பே ஏழாம் எண் ஆப்பிளைக் கையில் எடுத்துவிட்டார்.

“என்ன சம்பந்தி, உங்க வீட்டுப் பழத்துக்கு மங்கு விழுந்திருக்கு?”

தோலில் தேநீர் சிந்திய மாதிரி ஒரு பழுப்புப் படை.

“அது வெளிச்சம்,” என்றார் பெரியவர்.

“வெளிச்சமா? துடைச்சுப் பாத்தேன், போகலையே.”

பெரியவருக்குக் காது மடல் சுட்டது. பெண் கொடுத்த இடத்தில் இப்படி ஒரு பேச்சா?

மறுநாள் மதியம், ஆட்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து இரண்டாம் அறைக்குப் போனார். ஆப்பிள்கள் மெதுவாக மூச்சுவிட வேண்டும் என்று ஆக்சிஜனைக் குறைத்து மூடிவைத்த அறை அது. கதவில் ஒரு சின்னச் சன்னல் உண்டு. அதன் பின்னால் மாதிரிப் பழங்கள் வலைப்பையில் தொங்கும். சன்னலைத் திறந்து தோள்வரை கையை விட்டுத் துழாவினார். கை மரத்துப்போனாலும் மாசு மறுவற்ற ஒரு பழம் கிடைத்தது. அதில் மருமகள் கையெழுத்திலேயே ஏழு போட்டுத் தட்டில் வைத்தார்.

பழையதை என்ன செய்வது? குப்பைக் கூடையில் போட்டால் ஆட்கள் பார்ப்பார்கள். வீட்டு மானம் கூடையில் கிடப்பதா? கதவுக்குப் பின்னால் நின்று தோலோடு தின்றார். உள்ளே வெள்ளை வெளேரென்று, நல்ல இனிப்பு. தோல்தான் துரோகம் செய்திருந்தது.

பிறகு மூன்றாம் எண் கறுத்தது. பின்னாலேயே பதினான்கு, ஒன்பது. ஏழாம் நாளுக்குள் பெரியவர் பதினொன்றைத் தின்று தீர்த்திருந்தார். வீட்டில் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மாமா, மத்தியானமானா ரெண்டாம் ரூம் மீட்டர்ல ஆக்சிஜன் ஏறுது. எங்கயோ கசியுது,” என்று மருமகள் கவலைப்பட்டாள்.

“கதவு ரப்பர் பழசும்மா. மாத்திடு.”

மாற்றினாள். மறுநாள் மதியமும் ஏறியது.

ஏழாம் நாள் சம்பந்தி மறுபடி வந்தார். மருமகள் தட்டில் இருந்த இருபதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“ஒண்ணுல கூடப் படை இல்ல. ரெண்டாம் ரூமை இன்னும் ரெண்டு மாசம் மூடியே வைக்கலாம். அப்புறம் நீங்க எடுத்துக்கங்க சித்தப்பா,” என்றாள் சம்பந்தியிடம்.

“ஏழுல மங்கு பாத்தேனேம்மா?” என்றார் சம்பந்தி.

“இதோ பாருங்க, பளபளன்னு இருக்கு.”

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். “ஏம்மா, இந்தத் தட்டை எதுக்கு வச்சே?”

“குளிர்ல இருக்கறவரைக்கும் இந்த நோய் தெரியாது மாமா. வெளிய எடுத்து ஏழு நாள் வச்சாத்தான் தோல் கறுக்கும். இது கறுத்தா ரெண்டாம் ரூம்ல இருக்கறதும் கறுக்கும்னு அர்த்தம். அப்ப உடனே வித்துடணும், மூணே நாள்ல சாப்பிட்டு முடிக்கணும்.”

“ரெண்டு மாசம் வச்சா?”

“கடை அலமாரியில மொத்தமும் அசிங்கமாயிடும். நம்ம பேர் போட்ட பெட்டி மேலயே.”

விருந்தாளி கண்ணுக்கு அழகு காட்டத்தான் அந்தத் தட்டு என்று பெரியவர் நினைத்திருந்தார். ஓர் அறைப் பழத்தின் தலையெழுத்தே அதில் இருந்திருக்கிறது. அப்பா பெயர் ஆறு கடைகளில் வரிசையாகக் கறுத்து நிற்பது கண்முன் வந்தது. இப்போது வாயைத் திறந்தால் சம்பந்தி முன்னால் தலைகுனிவு. திறக்காவிட்டால் ஊர் முன்னால்.

எழுந்து நின்றார். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“பதினொண்ணு கறுத்தது. நான்தான் மாத்தி வச்சேன்.”

மருமகள் மெல்லக் கேட்டாள்:

“அப்ப மீட்டர்?”

“அதுவும் நான்தான். ரப்பர் நல்ல ரப்பர்.”

சம்பந்தி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “கறுத்ததெல்லாம் எங்க?”

“தின்னுட்டேன்.”

“பதினொண்ணையுமா! தோலோடயா?”

“தோலை எங்க போடறது? ஆளுங்க பாப்பாங்கல்ல?”

சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருமகள் சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. பெரியவர் அசையாமல் நின்றார்.

“ரெண்டாம் ரூமை இன்னிக்கே திறம்மா,” என்றார். “பெட்டியில நம்ம பேர் அப்படியே இருக்கட்டும். கீழ ஒரு சீட்டு ஒட்டு, ‘மூன்று நாளைக்குள் சாப்பிடவும்’னு.”

“அப்படி ஒட்டினா எவன் வாங்குவான் சம்பந்தி?”

“உண்மையைச் சொல்ற வீடுன்னு நம்பறவன் வாங்குவான். உங்களுக்கு வேணாம்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தார். “லாரி ரெண்டு மணிக்கு வரும். ஆறு கடையிலயும் நாளைக்குக் காலையில அடுக்கிடறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “பயப்படாதீங்க. இந்தத் தட்டு விஷயத்தை வெளிய மூச்சு விட மாட்டேன்.”

“தாராளமாச் சொல்லுங்க,” என்றார் பெரியவர். “ஆனா பதினொண்ணுன்னு சரியாச் சொல்லணும். நாளைக்கு எவனாவது இருபதுன்னு பேசினா, நான் உங்களைத்தான் கேப்பேன்.”