பத்து மீட்டர் நடை

நடையில் எக்குறை நேர்ந்தாலும் பழியைக் காலணியின் மேல் சுமத்துவதே காலணிக்காரரின் வழக்கம். ஆதலால், பாதம் தரையோடு ஒட்டிக்கொள்கிறது என்று அவருடைய அக்கா முறையிட்டதும் புதுச் சோடி ஒன்று தைத்தார். பலிக்கவில்லை. அடித்தோலை மெலிதாக்கி மற்றொன்று தைத்தார். ஓராண்டில் ஐந்து சோடிகள் ஆயின. அதற்குள் அக்காவுக்குச் சிறுநீர் அடங்காமல் போயிற்று. மறதியும் வந்து சூழ்ந்தது. முதுமைதான் என்று மனம் தளர்ந்த அக்காவின் மகள், முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு எழுதிவிட்டாள்.

ஆறாவது சோடிக்கு அளவெடுக்கும்போது காலணிக்காரரின் கை நின்றது. நாற்காலியில் அமர்ந்த அக்காவின் கால்கள் தடையின்றி ஆடின. மடக்கவும் நீட்டவும் எளிதாக இருந்தன. எழுந்து நின்றதும் ஒட்டிக்கொண்டன.

"அக்கா, காலும் சரியா இருக்கு, செருப்பும் சரியா இருக்கு. கோளாறு வேற எங்கயோ."

"அஞ்சு சோடி தச்சதுக்கப்புறம் இதைக் கண்டுபிடிச்சியாக்கும்! பெரிய மேதைடா நீ."

நரம்பியல் மருத்துவர் தலையைப் படமெடுத்துப் பார்த்தார். "மூளைக்குள்ள எப்பவும் ஒரு நீர் ஊறி, வடிஞ்சுட்டே இருக்கும். இவங்களுக்கு அது சரியா வடியாம தேங்கி, உள்ளறைகள் உப்பிப்போச்சு. முதுகுல ஊசி வெச்சுக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்போம். நடை தேறினா, நீர் வடிய நிரந்தரமா ஒரு குழாய் வைக்கலாம். தேறலைன்னா, குழாயால பலன் இருக்கும்னு சொல்ல முடியாது." மகள் தலைகுனிந்தாள்.

மருத்துவமனை நடைக்கூடத்தில் பத்து மீட்டருக்குக் கோடிட்டிருந்தார் நடைப் பயிற்சியாளர். காலையில் அத்தொலைவுக்கு அக்கா எடுத்து வைத்த அடிகள் நாற்பத்து நான்கு. திரும்புவதற்கு மட்டும் ஒன்பது. பிறகு ஊசிவழியே நாற்பது மில்லி நீர் இறங்கியது, சுனைநீர்போல் தெளிந்து. மூன்று மணி நேரம் சென்றது. காலணிக்காரர் கைகூப்பி நின்றார்.

அக்கா எழுந்தார். பாதம் தரையை விட்டு உயர்ந்தது. மலர்ந்தது என்றே சொல்லலாம். பத்து, பதினைந்து, இருபத்தொன்று. கோட்டின் முடிவையும் கடந்தார்.

"அம்மா, நில்லுங்க! கோடு முடிஞ்சுடுச்சு!" என்றார் பயிற்சியாளர்.

"கோடு உனக்குப்பா. எனக்கு அந்தக் கடைசியில இருக்கற பாத்ரூம். ஒரு வருஷத்துல இன்னைக்குத்தான் நேரத்துக்குப் போய்ச் சேருவேன் போலிருக்கு, வழி விடு!"

காலணிக்காரர் அழுதார், சிரித்தார். எது எதுவென்று அவருக்கே தெரியவில்லை.

தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலடியில் குழாய் பொருத்தினார்கள். தலைவலி, வாந்தி, காய்ச்சல் எது வந்தாலும் உடனே வரவேண்டும் என்ற எச்சரிக்கையை மகள் கதவில் எழுதி ஒட்டினாள். மறதி முற்றும் அகலவில்லை. ஆயினும் ஆறு வாரத்தில் அக்கா மாடிப்படி ஏறினார்.

அவ்வேளையில் முதியோர் இல்லத்திலிருந்து அழைப்பு வந்தது: இடம் காலியாம். தொலைபேசியை எடுத்தவர் அக்காவேதான்.

"அந்த இடத்தை நடக்க முடியாதவங்க யாருக்காவது குடுங்க. நான் வெளிய கிளம்பிட்டிருக்கேன்."