தூரம் நின்ற பவளம்

மாகறலில் அம்மன் கரகம் தூக்க ஒரே ஒரு தகுதிதான். மாதாமாதம் வரும் தூரம் நின்றிருக்க வேண்டும். பவளத்துக்கு அது நின்று ஒன்பது வருஷம். ஒன்பது ஆடிக்கும் கரகம் அவள் தலையில்தான். அந்த மிடுக்கு அவள் நடையிலேயே தெரியும்.

மார்பில் புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி தட்டுப்பட்டபோதுகூட அசரவில்லையே! "தூரமே நின்னு போச்சு, பொம்பள நோவு எனக்கு எங்கேர்ந்துடி வரும்?" என்று மருமகள் அம்முலுவின் வாயை அடைத்தாள். அம்முலுவா விடுவாள்? எண்பத்து நாலாம் வருஷம் ஆடி பிறந்த மறுநாளே மாமியாரை உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

லேடி டாக்டர் அமுக்கிப் பார்த்தார். "புத்து மாதிரி இருக்கு. சீக்கிரமா காஞ்சிபுரம் போய் ஆபரேஷன் பண்ணிக்கணும்."

"தூரம் நின்னவளுக்கா?"

"தூரம் நின்னாலும், அத வரவெக்கிற பெண்சுரப்பு முழுசா நிக்காதும்மா. உடம்புக் கொழுப்புலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா ஊறிக்கிட்டே இருக்கும். அது அதிகமா ஊறறவங்களுக்குத்தான் இந்தக் கட்டி வருதோன்னு ஆராய்ச்சி பண்றாங்க."

கட்டி அவளைப் பயமுறுத்தவில்லை. 'ஊறும்' என்ற சொல்தான் தூக்கிவாரிப் போட்டது. அடி ஆத்தா, அப்படியானால் ஒன்பது வருஷமும் தீட்டோடா கரகம் சுமந்தாள்? வீடு வந்து படுத்தவள் எழவில்லை. "இது ஆத்தா குடுத்த தண்டன. கத்தி வெக்க வுட மாட்டேன்."

அம்முலு கெஞ்சினாள், அழுதாள். கடைசியில் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒம்போது வருசமா வராத கோவம், டாக்டரம்மா சொன்னப்புறந்தான் ஆத்தாளுக்கு வந்துச்சா அத்தே?"

பவளம் எழுந்து உட்கார்ந்தாள். சோறு போடச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஊரே கோயிலில் கூடியிருந்தது. பூசாரி தாண்டவராயன் வழக்கம்போலக் கேட்டார்: "சுத்தமா கீறியாம்மா?"

"பொம்பளச் சுரப்பு இன்னும் ஊறிக்கினுதான் கீதாம். இத்தினி வருசமும் அதோடதான் தூக்கினேன். ஆத்தா இன்னா, என்னக் கீழ தள்ளிட்டாளா? அவளும் பொம்பளதான், அவளுக்குத் தெரியாதா?"

பூசாரியின் கையிலிருந்த கரகத்தை வாங்கிக்கொண்டாள்.

"இந்த வருசம் எனக்கு ஆஸ்பத்திரில வேல கீது. அம்முலு தூக்குவா."

"அவளுக்கு இன்னும்..." என்று இழுத்தார் பூசாரி.

"ஆமா, இன்னும் வருது. வரட்டும்."

கரகத்தைத் தன் கையாலேயே மருமகள் தலையில் ஏற்றிவிட்டு, காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள் பவளம்.