திங்கட்கிழமைச் சீதனம்

அஸ்பியா தேசிய சேவையில் சேர்ந்தபோது சம்மாந்துறையில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். நிரந்தரமா? இல்லை, பதினொரு மாதம் என்றாள். பென்சன்? அதுவும் இல்லை. பிறகு என்ன மண்ணாங்கட்டிக்கு என்று பாதிப்பேர் வாயாலும் மீதிப்பேர் கண்ணாலும் கேட்டார்கள். பட்டம் முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் வரும்வரை வீட்டில் காத்துக் கிடப்பதுதான் எங்கள் பக்கத்தில் மரியாதை. அதை விட்டுவிட்டு, முதல் மணிக்கு முன்னே பள்ளிக்கூடம் போய்க் கடைசி மணிக்குப் பின்னும் நின்று, வாசிக்கத் தெரியாத நகரத்துப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டப் போகிறேன் என்று ஒருத்தி சேவை கொடுத்த பச்சை ஜக்கெட் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினால் ஊர் சும்மா இருக்குமா? பச்சைக்கிளி என்று பெயர் வைத்துவிட்டது. கிளி கொத்தும், கவனம் என்று மட்டும் சொல்லி வைத்தாள் அஸ்பியா.

அவளை அனுப்பியது கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு. விளையாட்டுச் சாமான் அடுக்கிய அறையொன்றை ஒதுக்கி, ஐந்து பிள்ளைகளின் பெயர் எழுதிய தாளையும் கையில் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்குள் ஐந்து பேரும் அந்த அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் அறையைப் பூட்டிவிட்டு, அவளை அம்பாறைக் காரியாலயத்துக்கு ஃபைல் அடுக்க அனுப்பிவிடுவார்கள். சேவைக்குப் பொறுப்பாக இருந்த முத்தலிப் சேர் கெட்ட மனிதரல்ல. ஆனால் மேலிடத்துச் சுற்றுநிருபம் இல்லாமல் தும்மக்கூட மாட்டார். திங்கட்கிழமை வந்து தலை எண்ணுவேன் என்று அவர் சொன்ன அன்று, தாளில் இருந்த ஐந்து பேரில் நான்கு பேர்தான் வந்திருந்தார்கள்.

அந்த நான்கு பேரையும் விட்டுப் போக அஸ்பியாவுக்கு மனமில்லை. போன கிழமை அவர்களில் ஒருத்தி பஸ் நிலையத்தில் நின்று, மருந்துக்கடைப் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தி வாசித்தாள். அதைக் கேட்ட காதோடு போய் ஃபைல் அடுக்க யாரால் முடியும்?

ஐந்தாவது பெயர் அம்ஹா. கல்முனைக்குடியில் கடற்கரை வீதிக்குப் பின்னால் வீடு. வயது பன்னிரண்டு, ஏழாம் வகுப்பு. போன தவணை வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்னார்கள். அவளால் முடியவில்லை, வகுப்பு சிரித்தது. அது போதாதென்று தாய் சபூறாவைக் கூப்பிட்டு, பத்துப் பெற்றோருக்கு நடுவில் வைத்து விஷயத்தைச் சொன்னாள் ஒரு டீச்சர். சபூறா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறியவள்தான், பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பவில்லை. இரண்டு மாதமாகிறது. அஸ்பியா ஏழு தரம் போனாள். ஒழுங்கை முனையில் பச்சை ஜக்கெட் தெரிந்ததும் கேற்றில் கொண்டி விழுந்துவிடும். ஏழாவது தரம் தட்டோ தட்டென்று தட்டியபோது, வீட்டில் ஒருத்தருமில்லை என்று உள்ளேயிருந்து சபூறாவே பதில் சொன்னாள்.

மற்றவர்களாயிருந்தால் கும்பிடு போட்டு விலகியிருப்பார்கள். அஸ்பியா சம்மாந்துறை பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து யோசித்தாள். சபூறாவுக்கு மூத்த மகன் ஒருவன் இருந்தான். இன்ஷாப், இருபத்தொன்பது வயது, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் உத்தியோகம், இன்னும் கலியாணமாகவில்லை. எங்கள் கரையில் பெண்வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். வீட்டையும் பெண்வீட்டாரே கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவருவார். அதனால் அரசாங்க உத்தியோகத்தில் மகனை வைத்திருக்கிற தாய் ராணி மாதிரி இருப்பாள். அவள் பள்ளிக்கூடத்துக்குக் கேற்றைச் சாத்தலாம். கையில் பலகாரத்தோடு வருகிறவர்களுக்குச் சாத்தமாட்டாள்.

மாப்பிள்ளை கேட்டுப் போக ஒரு பெரிய மனுசி வேண்டும். வாப்பாவின் தங்கை றபீக்கா மாமியிடம் போய் விஷயத்தை அவிழ்த்தாள் அஸ்பியா. மாமி சும்மா பத்து நிமிடம் இருந்து கதைத்தால் போதும், அதற்குள் நான் பின்பக்கம் போய்ப் பிள்ளையிடம் பேசிவிடுகிறேன், பொய்கூடச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினாள். மக்காவுக்கு உம்றா போய்வந்த மனுசி ஏசப்போகிறாள் என்றுதான் நினைத்தாள். மாமியோ மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று ஒரு தரம் கேட்டாள், உயரமா என்று இன்னொரு தரம் கேட்டாள், பிறகு ஓம் என்றுவிட்டாள். இவ்வளவு சுளுவாக மாமி எதற்கும் இணங்கியதில்லையே என்று அந்த மூளைக்காரிக்கு உறைக்கவேயில்லை, பாருங்கள்.

சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு புறப்பட்டார்கள். ஜக்கெட்டைக் கழற்றிவிட்டு அஸ்பியா கறுப்பு அபாயா போட்டிருந்தாள். மாமியின் மடியில் இருந்த தட்டில் ஒரு சீப்புக் கதலியும், மஸ்கட் இனிப்பும், சீனிப் பணியாரமும். முச்சக்கரவண்டி நிற்பதற்குள் கேற் திறந்துகொண்டது. ஏழு தரம் அடித்து நொந்த அதே கேற்றுதான். மாமி ஸலாம் சொன்னாள், நல்ல குடும்பம் என்று கேள்விப்பட்டு வந்தோம் என்றாள். இரண்டும் உண்மை. மிச்சப் பொய்யை வாழைப்பழம் பார்த்துக்கொண்டது.

சபூறா விசிறியைப் போட்டு, கதிரையைத் துடைத்து உட்காரவைத்து, உடனேயே வேலையைத் தொடங்கினாள். வீடு பிரதான வீதிக்குக் கிட்ட இருக்க வேண்டும். மேல்மாடி இப்போது கட்டாவிட்டாலும் கட்டுவதற்கு அத்திவாரம் பலமாக இருக்க வேண்டும். மகனுக்கு உப்புத்தண்ணீரில் குளித்தால் முடி கொட்டும், ஆகவே கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுவந்து காட்ட வேண்டும். மாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்த நேரம் தட்டில் சர்பத் கொண்டு வந்தது அம்ஹா. மெலிந்த பிள்ளை, கண் இரண்டும் துருதுருவென்றிருந்தது. குனிந்து கிளாஸை நீட்டும்போது அஸ்பியாவின் காதோரம் மெதுவாகக் கேட்டாள்.

"ஜக்கெட் எங்க ராத்தா?"

அஸ்பியாவுக்குச் சர்பத் புரையேறிவிட்டது. கேற்று இடுக்கால் ஏழு தரமும் இவள் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். சபூறா பதறிப்போய் அவள் தலையில் தட்டினாள். அம்ஹாவோ ஒன்றும் அறியாத மாதிரிக் கதவோரம் போய் நின்றுகொண்டாள். காட்டிக்கொடுக்கவில்லை. இந்தப் பிள்ளை நமது கட்சி என்று அஸ்பியாவுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

பத்து நிமிடத்தில் எழும்பிப் பின்பக்கம் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் எழும்ப முடியவில்லை, ஏனென்றால் மாமி தன் மகள் ஆகிலாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தாள். இருபத்தைந்து வயது, கணக்குப் பட்டதாரி, கை மணக்கச் சமைப்பாள், வீட்டுச் சுவர் நிலை மட்டத்துக்கு எழும்பிவிட்டது, தண்ணீர் தேன்மாதிரி. இவையும் ஒன்றுவிடாமல் உண்மை. அஸ்பியா மாமியின் சேலைத் தலைப்பை இழுத்தாள். மாமி தலைப்பை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து இன்ஷாப் வேறு ஸலாம் சொல்லி, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனான். மாமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. நடிக்கக் கூட்டிவந்தவள் நிசமாகவே மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தாள்.

அடுத்து, வழக்கமாக எல்லோரும் கேட்கிற ஒன்றை மாமி கேட்டாள். சின்னவள் எப்படிப் படிக்கிறாள்?

"வகுப்பில முதலாம் பிள்ளை," என்றாள் சபூறா. கண்கூட இமைக்கவில்லை. "டீச்சர்மார் உடமாட்டாங்க. ஒரு நாள் போகாட்டியும் தேடி வந்திருவாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான். ஆனால் அஸ்பியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்ஹா வெறுந் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு சிரித்த அன்றும் இப்படித்தான் நின்றிருப்பாள். சொந்த உம்மாவே, உலகத்தில் இல்லாத ஒரு பிள்ளையைக் காட்டிப் பெருமைப்படும்போது இருக்கிற பிள்ளை எங்கே போவது? அஸ்பியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோபம் சபூறாவில் மட்டுமல்ல, வேஷம் போட்டு வந்த தன்னிலும்தான். தன் விளையாட்டால்தானே இந்தப் பொய் இந்தப் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் சொல்லப்பட்டது.

அவள் எழும்பி நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கேற்றில் தட்டிய பச்சை ஜக்கெட் நான்தான், மாப்பிள்ளை கேட்டு வரவில்லை, உங்கள் மகளைக் கேட்டு வந்தேன், என்னை ஏசுங்கள், பிள்ளையை அனுப்புங்கள் என்று ஒரே மூச்சில் கொட்டினாள். சபூறாவின் முகம் கறுத்தது. பலகாரத்தைத் தட்டோடு எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். பெண்வீட்டார் கொண்டுவந்த தட்டைத் திருப்பிக் கொடுத்தால் அதோடு எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். எங்கள் வீட்டு மானத்தை வாங்க வாழைப்பழமா கொண்டுவந்தீர்கள் என்று குரல் உடைந்தது. பத்துப் பேருக்கு முன்னால் பட்ட அவமானம் இன்னும் ஆறாமல் கிடந்தது அந்தக் குரலில்.

அம்ஹா கதவோரத்திலிருந்து வாயைத் திறந்தாள்.

"உம்மா, எனக்கு வாசிக்கத் தெரியாதுதான். அவங்களுக்கு அது தெரிஞ்சா என்ன? மாப்பிள்ளை நானில்லையே."

எல்லாம் கெட்டது, திங்கட்கிழமை அறைக்குப் பூட்டு என்று அஸ்பியா தீர்மானித்துவிட்டாள். மாமியும் எழும்பிவிடுவாள் என்று பார்த்தால், றபீக்கா மாமி கதிரையில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். இவள் எழும்புகிற ஆளில்லை.

"இரிங்க சபூறா," என்றாள். "அவள் வந்தது கள்ளத்துக்கு. நான் வந்தது மெய்க்கு. ஊடு கேட்டீங்க, அத்திவாரம் கேட்டீங்க, கிணத்துத் தண்ணியையும் கேட்டீங்க. எல்லாத்துக்கும் ஓம் எண்டன். இப்ப பொண்ணூட்டுப் பக்கத்தால நான் ஒண்டு கேக்கப் போறன்."

சபூறாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாப்பிள்ளையின் தாயிடம் சீதனம் கேட்ட ஆளை இந்தக் கரை இதுவரை கண்டதில்லை.

"திங்கக்கிழமை இந்தப் புள்ள பள்ளிக்கூடத்துல இரிக்கோணும். அதுதான் எங்களுக்கு நீங்க தாற சீதனம்." மாமி கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டாள். "உங்கட மகன் நாளைக்கு எங்கட ஊட்டுக்கு வந்திருவார். மறுகா உங்களோட இரிக்கப் போறது ஆரு? இந்தப் புள்ளதானே. இந்த ஊட்டையும் இவள்ட பேருக்குத்தானே எழுதுவீங்க? அந்த உறுதிப் பத்திரத்துல என்ன எழுதியிரிக்கி எண்டு இவள் ஆருட்டப் போய்க் கேக்கிற?"

சபூறா அம்ஹாவைப் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுக்க எடுத்த தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து உரித்து, பாதியை மகளிடம் நீட்டினாள். மீதியைத் தானே சாப்பிட்டாள். கோபம் தீரவில்லை, அது முகத்தில் தெரிந்தது. அஸ்பியாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் தட்டு திரும்பி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் அஸ்பியா நகம் கடித்தாள். வீட்டில் மாமியோ கலியாணத்துக்குச் சமையற்காரனை விசாரித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை முதல் மணி அடித்தபோது அறையில் நான்கு பேர்தான். முத்தலிப் சேர் ஃபைலைத் திறந்து, பேனையை எடுத்து, எண்ணத் தொடங்கினார். நான்கு என்று சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஐந்தாவது ஆள் வந்து நின்றது. கேற்றுக்கு வெளியே சபூறா முச்சக்கரவண்டியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். உள்ளே வரவில்லை, ஆனால் மகள் அறைக்குள் நுழைகிறவரை வண்டியை எடுக்கவும் விடவில்லை. முத்தலிப் சேர் ஐந்து என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். பிள்ளையை எப்படி வரவழைத்தீர்கள் என்று கேட்டார். பேச்சுவார்த்தை சேர் என்றாள் அஸ்பியா.

அவர் போன பிறகு அம்ஹா வந்து அஸ்பியாவுக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தாள். கொப்பியை விரித்து, பென்சிலைக் கூராக்கி, எல்லாம் சரியாக வைத்துவிட்டு, மற்ற நான்கு பேருக்கும் கேட்காத மாதிரிச் சொன்னாள்.

"ராத்தா, இன்ஷாப் காக்காட கலியாணம் குழம்பினாலும் நான் வருவன்."

அஸ்பியாவுக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். புத்தகம் தலைகீழாக இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தவள் அம்ஹாதான்.