கிறவல் பாதையில் ஓர் ஒட்டு

"அப்பா, அங்கை சைக்கிளுக்குக் காத்துப் போனா ஆர் ஒட்டித் தருவினம்?"

சயந்தினி இதைக் கேட்டபோது அவளுக்கு நாலு வயது. ஞானரட்ணம் நாட்டைவிட்டுப் புறப்பட்ட நாளில், சைக்கிள் பாரில் அவளை ஏற்றிக் கோயிலடி வரை ஒரு சுற்றுக் கொண்டுபோனான். அப்போதுதான் கேட்டாள். அங்கே பனி கொட்டும், ரயில் பறக்கும் என்றெல்லாம் பலர் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒட்டுக்கடை இருக்கிறதா என்று ஒருவரும் சொல்லவில்லை.

"ஆரும் இருப்பினம், பிள்ளை" என்றான். வாய்க்கு வந்ததைச் சொன்னோம் என்று அவனுக்கே தெரியும்.

அது நடந்து மூன்று வருடம். இப்போது 1988 ஒக்ரோபர். டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகரத்தில், ஊர்ச் சினேகிதன் இராசரத்தினத்தோடு ஓர் அறையில் இருந்தான். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. மனைவி தவமணியையும் பிள்ளையையும் கூப்பிட விண்ணப்பம் கொடுத்து இரண்டு வருடமாகப் போகிறது. சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் தமிழ்க் குடும்பங்களின் கோப்புகள் மட்டும் மேலிடத்தில் அசையாமல் கிடந்தன.

அந்தக் காத்திருப்பில் அவனுக்கு ஆறுதலாக இருந்தது பிர்த்தா ரீச்சர் காட்டிய பாதைகள். டெனிஷ் மொழி வகுப்பு எடுக்கிறவர், ஐம்பது வயது, கார் வைத்துக்கொள்ளாத மனுஷி. மோல்ஸ் மலைக்குள்ளே ஒரு கிராமத்தில் தனியாக இருந்தார். அவன் சைக்கிள் ஓடுவான் என்று அறிந்ததும், தார் றோட்டை விட்டு விலகிப்போகும், சரளைக்கல் பரப்பிய கிறவல் பாதைகளைப் பென்சிலால் கீறிக் கொடுத்தார். கோடை முழுக்க ஞாயிறுகளில் கூடவே ஓடினார்.

ஞானரட்ணம் அதுவரை மலையைப் படத்தில்தான் கண்டவன். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்றால் மதகு ஒன்றுதான். இங்கே பாதை மஞ்சள் கயிறு போலக் குன்றின் இடுப்பைச் சுற்றி ஏறியது. மேலே போனால் ஊதாப் புதர், செம்மறிகள், மூன்று பக்கமும் கடல். முதல் நாள் உச்சியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். முருகன் ஏன் மலையைத் தேடிப் போய் இருந்தான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இராசரத்தினம் ஒருமுறை கூட வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "உது மலையோ, மச்சான்? ஊரிலை மணற்காட்டு மணல்மேட்டிலை ஏறி நிண்டா உதின்ரை உச்சந்தலை தெரியும்!"

"அப்ப ஏன் உருட்டிக்கொண்டு ஏறினனி?"

"மலைக்கு மரியாதை குடுத்தனான்."

பிர்த்தா ரீச்சருக்கு அவனிடம் ஒரே ஒரு குறை. ரயருக்குக் கல்லுப் போலக் காற்றடிப்பான். கிறவலுக்கு அது ஆகாது, சில்லு துள்ளும், கூர்க்கல் ஏறும், கொஞ்சம் இறக்கிவிடு என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அவன் கேட்கமாட்டான். பாரில் பிள்ளையும் கரியரில் மனைவியுமாக ஓடிப் பழகிய கை. பாரம் இல்லாத சைக்கிளுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை தவமணியின் கடிதம் வந்தது. கொழும்புக்கு வந்து லொட்ஜில் நிற்கிறாளாம். ஏஜென்சிக்காரன் ஒருவன் மொஸ்கோ வழியாக அனுப்புகிறேன் என்கிறானாம். ஆனால் சயந்தினியை வேறொரு குடும்பத்தின் பிள்ளையாக, அவர்களுடைய பாஸ்போர்ட்டில் முதலில் விடவேண்டும். "பதினாறாம் திகதி ஞாயிறு, உங்கடை நேரம் பதினொரு மணிக்கு ரீச்சர் வீட்டுக்குப் போன் எடுப்பன். நீங்கள் இல்லையெண்டால், ஓம் எண்டு எடுத்துக்கொண்டு பிள்ளையை விடுவன். எனக்கு இனிப் பொறுக்க ஏலாது."

கலண்டரைப் பார்த்தான். அந்த ஞாயிறு நாளைக்கு. யாருக்கோ பிள்ளையாகப் போன பிள்ளையை எந்த விமான நிலையத்தில் போய்த் தேடுவது?

அறையில் தொலைபேசி இல்லை. தவமணியிடம் இருந்ததும் ரீச்சரின் இலக்கம் ஒன்றுதான். அன்று இரவு வரை அவனுக்குச் சமையலறையில் வேலை; ஞாயிறு முதல் பஸ் அந்தக் கிராமத்துக்கு மத்தியானம்தான் போகும். கிறவல் பாதையால் நாற்பது கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கே வெளிக்கிட்டான். இராசரத்தினம் குளிரில் கட்டியிருந்த சாரத்தோடு இறங்கிவந்து, தன் பங்குக்கு இரண்டு சில்லுக்கும் மூச்சுவாங்கக் காற்றடித்துக் கொடுத்தான்.

"அமத்திப் பார், மச்சான். கல்லு! ஒண்டுக்கும் யோசியாதை."

நல்ல மனத்தோடு செய்த உதவிதான். ஒட்டுப்பெட்டியும் காற்றடிக்கும் பம்மும் கொண்டுபோக வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சந்திக்குச் சந்தி ஒட்டுக்கடை உள்ள ஊரில் பிறந்தவர்களுக்கு அது எப்படித் தோன்றும்?

ஒன்பதரைக்கு, பீச் மரக் காட்டைக் கடந்து இறங்கும்போது, பின்சில்லு "டப்" என்றது. ஒரு தீக்கல் துண்டு, சவரத் தகடு போல, ரயருக்குள் நின்றது. இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். உருட்டிக்கொண்டு ஓடினான். ஆள் இல்லை, வீடு இல்லை. இவ்வளவு அழகான பாதையில் இப்படித் தனியாக விட்டுவிட்டாயே முருகா என்று வாய்விட்டே சொன்னான்.

ஒரு திருப்பத்தில் பண்ணைக்காரர் ஒருவரின் பலகைத் தட்டு நின்றது. விற்க ஆளில்லை, கிழங்குப் பை, முட்டை, காசு போட ஒரு டப்பா. அந்த நாட்டில் அது வழக்கம். தட்டின் கீழே இன்னொரு தகரப்பெட்டி இருந்தது, மூடியின்மேல் ஒரு கல் பாரம். அதில் டெனிஷில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தான்: சைக்கிள்காரருக்கு. தேவையானதை எடுங்கள். முடிந்தபோது திருப்பி வையுங்கள்.

உள்ளே இரண்டு ஒட்டு, பாதி சொலூசன் பசை, ரப்பரைத் தேய்க்க அரக்கடதாசி, பழைய பம். ஞானரட்ணத்தின் கண் கலங்கியது. கண்ணைத் துடைக்கிற நேரம்கூட இல்லை. பள்ளத்துத் தண்ணீரில் ரியூப்பை அமிழ்த்தி, குமிழி வந்த இடத்தில் ஒட்டினான். அடுத்தவருக்கென்று மற்ற ஒட்டை அப்படியே விட்டான். பம்மின் தோல் வாஷர் தேய்ந்திருந்தது. எவ்வளவு அடித்தும் சில்லு பாதிதான் எழும்பியது. வேறு வழியில்லாமல் அந்த மெத்தென்ற சில்லோடே ஏறினான்.

ஏறிய பிறகுதான் அதிசயம். சில்லு துள்ளவில்லை. கல்லை உதைக்காமல் அணைத்துக்கொண்டு போனது. ரீச்சர் கோடை முழுக்கச் சொன்னது இதைத்தான். கடைசி ஏற்றத்தில் அவன் இறங்கவே இல்லை.

ரீச்சரின் வாசலில் சைக்கிளைப் போட்டபோது பதினொன்று கடந்து நாலு நிமிடம். திறந்த யன்னலால் குரல் கேட்டது. தெரிந்த தமிழ்ச் சொற்களையெல்லாம் திரட்டி ரீச்சர் தொலைபேசிக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார். "வாறார். ஞானம் வாறார். மெல்ல, மெல்ல வாறார்." ஏற்றங்களில் அவன் சொல்லிக்கொடுத்த சொற்கள்.

அவன் வாங்கிக் காதில் வைத்தான்.

"இஞ்சாருங்கோ, எங்கை போனியள்? வெள்ளைக்காரி வாறார், வாறார் எண்டு போனை வைக்க விடுறாவில்லை. ஏஜென்சிக்காரன் கீழை நிக்கிறான்."

"பிள்ளையைக் குடுக்காதை."

"இரண்டு வருஷம் பொறுத்தாச்சு. இனி என்னத்தை நம்பிப் பொறுக்கிறது? சொல்லுங்கோ."

பாராளுமன்றம் நியமித்த அதிகாரி ஒருவர் கோப்புகளை விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார் என்று ரீச்சர் அவனுக்குச் சொல்லியிருந்தார். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தான். வந்தது வேறு.

"வழியிலை காத்துப் போட்டுது, தவமணி. காட்டுப் பாதை. ஒரு சனமில்லை. ஆரோ ஒருத்தர் றோட்டுக்கரையிலை ஒட்டும் பம்மும் வைச்சிருக்கிறார். ஆரெண்டு தெரியாத ஆக்களுக்கு. பூட்டும் இல்லை. அதிலை ஒட்டித்தான் இப்ப உன்னோடை கதைக்கிறன். மேலை இருக்கிறவை எப்பிடியோ தெரியாது. கீழை இப்பிடிச் சனம் இருக்கிற நாடு எங்களைக் கைவிடாது. கொஞ்சம் பொறு."

"பூட்டில்லையோ?" என்றாள் தவமணி.

"ஒரு கல்லுத்தான் பாரத்துக்கு."

மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரி. அவனைப் போகச் சொல்லுறன். பிள்ளை கதைக்கப் போறாளாம்."

சயந்தினியின் குரல் வளர்ந்திருந்தது. "அப்பா, ஒட்டுறதுக்கு ஆள் இருக்கோ?"

"ஓம், பிள்ளை. இருக்கினம்."

அடுத்த வருடம் விசாரணை அறிக்கை வந்தது. கோப்புகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1990 வசந்தத்தில் தவமணியும் சயந்தினியும் வந்து இறங்கினார்கள்.

அவர்கள் வந்த அடுத்த ஞாயிறு, இருவரும் பயணக் களைப்பில் அயர்ந்து தூங்கும்போது, ஞானரட்ணம் விடிய வெளிக்கிட்டான். காற்றை அளவாகத்தான் அடித்திருந்தான். பீச் மரங்கள் புது இலை விட்டிருந்தன. வீட்டில் பிள்ளை இருக்கிறாள் என்ற நினைப்போடு ஓடும்போது அந்தப் பாதை முன்னைவிட அழகாக இருந்தது.

பலகைத் தட்டு அதே இடத்தில் நின்றது. பண்ணை வீட்டில் யன்னல் சீலைகள் இன்னும் விலகவில்லை. தகரப்பெட்டியைத் திறந்தான். ஒட்டு ஒன்றும் இல்லை; சொலூசன் காய்ந்து போயிருந்தது. பத்து ஒட்டும் இரண்டு புதுச் சொலூசனும் வைத்தான். பிறகு நிலத்தில் குந்தி, பம்மைக் கழற்றித் தேய்ந்த வாஷரை எடுத்தான். நல்ல தோலில் வட்டமாக வெட்டி, தேங்காயெண்ணெயில் ஊறவைத்துக் கொண்டுவந்த வாஷரைப் போட்டு முறுக்கினான். விரலால் பம்மின் வாயைப் பொத்தி அடித்துப் பார்த்தான். காற்று விரலைத் தள்ளியது.

மூடியை மூடி, கல்லை எடுத்து முன்பு இருந்த இடத்திலேயே வைத்தான்.